அக்காவின் கம்பளியும் என் ஏரியல் கம்பியும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பண்டாரவளை டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் ரேடியோ, டிவி திருத்துகிறேன். வீடு பூனாகலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கடையில் ஆள் வந்தால் தலையைக் குனிந்து ஈயம் பற்றவைப்பேன், பேசுவதெல்லாம் முதலாளி. அப்படிப்பட்டவன் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் எடுத்ததற்குக் காரணம், பரீட்சை எழுத்தில் இருந்ததுதான். மூன்றாம் தடவை பாஸானேன். இனி மைக்கைப் பிடித்துப் பேச வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

என்னிடம் இருப்பது கையடக்க வி.எச்.எப். ரேடியோ. அந்த அலை மலையைத் தாண்டாது. ஆகவே தூரத்தில் ஓர் உச்சியில் ரிப்பீட்டர் வைத்திருக்கிறார்கள். நம் குரலைப் பிடித்து ஊரெங்கும் திருப்பி அனுப்பும். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் ஒவ்வொரு பகுதியாகக் கூப்பிடுவார். ஒரு ஞாயிறு அவர் சிங்களத்தில் சொன்னார்: கடும் மழையில் போன் அறுந்தால் செய்தி சொல்ல ஆட்கள் வேண்டும், தொடர்ந்து மூன்று ஞாயிறு தெளிவாகக் கேட்கிறவர்கள் பட்டியலில் சேர்க்கப்படுவார்கள், பூனாகலைப் பக்கம் ஒருவரும் இல்லை.

பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, மழை பலத்தால் எங்கள் லயத்தில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றாமல் படுப்பார்கள். அந்தப் பட்டியலில் நான் இருக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

முற்றத்து மூங்கிலில், தலைக்குச் சற்று மேலே ஏரியல் கட்டினேன். கம்பி ஐம்பத்தொரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மனைவியின் தையல் டேப்பால் அளந்து வெட்டினேன். மூன்று ஞாயிறு பேசினேன். மூன்று ஞாயிறும் பெரியவர், “பூனாகலைப் பக்கம் யாரும் இல்லையா?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

“என்னாங்க, நீங்க தனியா பேசிக்கிட்டிருக்கீங்கன்னு லயமே சிரிக்குது” என்றாள் மனைவி. “நாலு பேரு இருக்கப்பவும் இப்புடி பேசினா நல்லாயிருக்கும்.”

நாலாவது ஞாயிறு, பக்கத்து வீட்டு அக்கா தன் கம்பளியைத் துவைத்து, காயப்போட இடமில்லாமல் என் மூங்கிலில் போட்டுவிட்டார். எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்பளி கம்பியை மூடித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தபோதே வெட்கத்தோடு பேசினேன்.

“பூனாகலை! கண்ணாடி மாதிரி கேட்கிறது!” என்றார் பெரியவர்.

ரேடியோவைக் கீழே போட்டுவிட்டேன்.

திங்கள் மாலை கம்பளி இல்லை, குரலும் போகவில்லை. வாரம் முழுக்க, ரிப்பீட்டர் என் குரலைப் பிடிக்கிறதா என்று சோதனை செய்து ஒரு கொப்பியில் எழுதினேன். ஈரத் துவாய்: இல்லை. நான் உடுத்தும் சாரம், ஈரத்தோடு: இரைச்சல். மனைவியின் நைலான் சேலை: இல்லை, ஏச்சு மட்டும். காய்ந்த கம்பளி: இல்லை. ஈரக் கம்பளி: நன்று. அந்தக் கம்பளியை இரவல் கேட்கத் துணிவில்லாமல், அக்கா வேலைக்குப் போன நேரம் பார்த்து மனைவியை அனுப்பி அவர் மகளிடம் வாங்கிவரச் செய்தேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. இரண்டு ஞாயிறு ஆயிற்று. இன்னும் ஒன்றுதான்.

மூன்றாவது ஞாயிறு அக்காவுக்கு மூக்கு ஒழுகும் தடிமன், காய்ச்சலும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். நான் அவர் முன்னால் போய் நின்றேன். வானத்தைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

“என்னா தம்பி, கோழி மாதிரி சுத்திச் சுத்தி வர்றே?”

“கம்பளி...” என்றேன்.

“குளிருதுப்பா. இதைக் குடுத்துட்டு நான் என்னத்தைப் போர்த்துறது?”

முழு மலைக்கும் சேர்த்து எனக்கு அழுகை வந்தது. என் மனைவி விஷயத்தைச் சொன்னாள்: மழை, போன், பட்டியல் எல்லாம். அக்கா யோசித்தார்.

“அதுக்கு என்னா வேணும்? ஈரமா, கனமா ஒண்ணு பக்கத்துல இருக்கணும். அம்புட்டுத்தானே? நான் நின்னா ஆவாதா? எனக்கு மூக்குலயிருந்து கால் வரைக்கும் தண்ணிதான்.”

மனைவி முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அக்கா போர்வையோடு அதில் ஏறி, மூங்கிலைக் கட்டிப்பிடித்துக் கம்பியோடு கன்னத்தை வைத்தார். லயமே கூடிவிட்டது. நாலு பேர் இல்லை, நாற்பது பேர். நான் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

“பூனாகலை, மூன்றாவது ஞாயிறு, மிகத் தெளிவு” என்றார் பெரியவர். “பட்டியலில் போடுகிறேன். ஏரியல் விவரம் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.”

பொய் சொல்ல வரவில்லை. “பக்கத்து வீட்டு அக்கா” என்றேன் சிங்களத்தில்.

பெரியவர் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“எழுதிக்கொண்டேன். அவர் நலமா?”

“தடிமன்னு சொல்லு!” என்று மேலிருந்து கத்தினார் அக்கா. “ஆனா நாளைக்குக் காலையில வேலைப் பெரட்டுக்கு லேட்டாக மாட்டேன்னும் சொல்லு!”

சொன்னேன். எந்தெந்த ஊரிலிருந்தோ பலர் சிரிப்பது கேட்டது. பிறகு பெரியவர் விளக்கினார்: கம்பி குட்டையாக இருக்கும், ஈரமான பொருள் பக்கத்தில் வந்தால் குட்டைக் கம்பி நீளமானது போல வேலை செய்யும், சரியாக அளந்து வெட்டுங்கள், போதும்.

கடையிலிருந்து இரும்பு அடிமட்டம் கொண்டுவந்து டேப்போடு ஒப்பிட்டு அளந்து பார்த்தேன். மனைவியின் டேப்பில் முதல் ஐந்து சென்டிமீட்டரை எலி தின்றிருந்தது. நான் மிச்சத்தின் முனையிலிருந்து அளந்து, எண்ணை மட்டும் பார்த்து வெட்டியிருக்கிறேன்.

அன்று மாலையே புதுக் கம்பியை அளந்து வெட்டினேன். அதைக் கட்ட முக்காலியில் ஏறப்போன நேரம் அக்கா வந்தார். காய்ச்சல் விட்டிருந்தது, தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

“தம்பி, அடுத்த ஞாயிறும் அந்தக் கொழும்புப் பெரியவரு என்னைய விசாரிப்பாரா?”

“விசாரிப்பாருங்க” என்றேன்.

“பழைய கம்பளி ஒண்ணு கெடக்கு. அதை அங்கயே கட்டி வுட்டுரு. வெயிலடிச்சா நான் ஒரு வாளி தண்ணி ஊத்துறேன். மழைக்குத் தானா நனைஞ்சிரும்.”

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். பட்டியல் மழை நாளுக்குத்தானே. மழை நாளில் கம்பளி ஈரமாகத்தான் இருக்கும்.

புதுக் கம்பி மேசை லாச்சியில் இருக்கிறது. ஞாயிறு பத்து மணிக்கு முன்னால் முற்றத்தில் வாளிச் சத்தம் கேட்கும். பெரியவர் முதலில் மழையைக் கேட்பார், அடுத்ததாக அக்காவை. இரண்டுக்கும் நான் பதில் சொல்வேன். லயத்தில் எத்தனை பேர் நின்றாலும் இப்போது கண்ணை மூடுவதில்லை.