இடி இடித்தால் வெளியே

போன வாரம் என் மகள் தோழிகளோடு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் பயணம் போனாள். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. போனில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் மழைச் சத்தம், அதன் மேல் ஓர் இடி. "வண்டிய விட்டு இறங்கு! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்திவிட்டேன். "மழையிலயாம்மா? வண்டிக்குள்ளதான் பத்திரம்" என்று சிரித்தாள். அவள் சொன்னதுதான் சரி. பள்ளியில் அறிவியல் நடத்துகிற எனக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

நாங்களும் ஒருமுறை அப்படி வண்டியிலேயே தங்கிப் பயணம் போனோம். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியின் லோடு வண்டி ஓட்டினார். அதே கம்பெனியில் அம்மாவுக்குத் திரி வைக்கிற வேலை. தீபாவளி முடிந்ததும் கம்பெனியை மூடிவிடுவார்கள், வண்டி சும்மா நிற்கும். முதலாளியிடம் கேட்டு அப்பா அதை வாங்கிவந்தார். நாலு பக்கமும் தகரம் அடைத்த வண்டி. தண்ணீர் அடித்துக் கழுவி, பாய் விரித்து, துணி காயப்போடக் கொடியும் கட்டியாயிற்று. சாத்தூரைத் தாண்டி எதையும் பார்த்திராத எனக்கு அது அரண்மனை. அடுப்பு மட்டும் உள்ளே பற்றவைக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அரண்மனைக்குச் சமையல் வெளியில்.

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு, மணப்பாட்டுப் பக்கம் கடலோரமாக வண்டியை நிறுத்தினோம். மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. தம்பிக்கு இளைப்பு வந்துவிட்டது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி இருப்பதுபோலக் கரகரவென்று சத்தம். அப்பா குடையை எடுத்துக்கொண்டு மருந்து வாங்க ஊருக்குள் போனார். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் இடித்தது.

"வெளிய! வெளிய!"

செருப்பை மாட்டுவதற்குள் நான் மணலில் நின்றேன். தம்பி அம்மாவின் இடுப்பில். கம்பெனியில் அதுதான் வழக்கம். மின்னல் இறங்கினால் வெடிமருந்து பற்றிக்கொள்ளும் என்று, முதல் இடி கேட்டதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ரூமை விட்டு வெளியேறிவிட வேண்டும்; சோற்றுத் தூக்கை எடுக்கக்கூடத் திரும்பக் கூடாது. அம்மாவின் கால்கள் அதைச் செய்துவிட்டன.

கொஞ்சம் தள்ளி ஓலைக் கொட்டகைக்குள் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்துக் கத்தினார். "ஏ தாயி! வெட்டவெளியில பிள்ளையளோட நிக்கியே, வண்டிக்குள்ள ஏறு!"

"இடிக்குதுய்யா! வண்டிக்குள்ள எப்பிடி இருக்க?"

"இடிக்குதுன்னுதாம்மா ஏறச் சொல்லுதேன்!" அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மழையில் நனைய நனையத் தம்பியின் மூச்சு இன்னும் இழுத்தது. அப்பா குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏ கூறு கெட்டவளே, வண்டி காலியாத்தான கெடக்கு! உள்ள என்ன இருக்குன்னு இறங்குன?"

"பலகை இடுக்குல வெடிமருந்துத் தூசி இருக்கும்லா?"

"அதான் கழுவுனேன்ல."

"எல்லாம் போயிருச்சா? நல்லாப் பாத்தீகளா?"

அப்பா வண்டியைத் திரும்பிப் பார்த்தார். சீசன் முழுக்க லோடு ஏறி இறங்கிய பலகை அது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடல் வெள்ளையாக மின்னி அணைந்தது. தம்பியின் உதடு கறுத்திருந்தது.

அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இவனத் தூக்கிட்டு நீங்க உள்ள போங்க. இன்னும் நனைஞ்சா மூச்சு தாங்காது. நான் இவளோட இங்கனயே இருக்கேன்."

"நீயும் வா."

"சொன்னாக் கேளுங்க."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தம்பியை வாங்கிக்கொண்டு ஏறினார். கதவு மூடியது. அம்மா என்னை மணலில் குத்தவைத்து, முந்தானையால் மூடி, மேலே கவிழ்ந்துகொண்டாள்.

"நானும் உள்ள போறேம்மா."

"சும்மா இரு தாயி."

"பைத்தியக்காரக் குடும்பமாட்டு இருக்கே" என்று கொட்டகைக்காரர் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து எங்கள் மேல் வீசிவிட்டு ஓடினார்.

இடி மெதுவாகக் கடலுக்குள் போனது. கதவு திறந்தபோது தம்பி மருந்து குடித்துத் தூங்கியிருந்தான். அம்மா அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆம்பளைப் பிள்ளைக்கு வண்டி, பொம்பளைப் பிள்ளைக்கு மழை என்று வெகுகாலம் நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அம்மா மறுத்துப் பேசியதே இல்லை. கம்பெனியில் அப்பா லோடு ஏற்றும்போது அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள். அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். எனக்கென்று ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் விளங்கியது. எந்த இடம் பத்திரம் என்று அன்று இருவருக்குமே தெரியவில்லை. எங்கே என்ன நடந்தாலும் ஒரு பிள்ளையும் அதை வளர்க்க ஓர் ஆளும் மிஞ்சட்டும் என்று எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

தார்ப்பாய்க்குள் ஒவ்வொரு மின்னலுக்கும் அம்மா மூடிய அந்தக் கதவையே பார்த்தாள். நானோ, குளிருது, குளிருது என்று அவளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.