கோபத்துக்குப் பூ பார்டர்

கவிதை எழுதாத குடும்பமே தாம்பரத்தில் கிடையாது என்பது டிடிபி கடை வைத்தவர்களுக்குத்தான் தெரியும். ஊரார் கவிதையைத் தட்டித் தட்டியே கழுத்துவலி வாங்கிய சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இது.

நாலு வரி நீங்களே

அப்பாவின் நினைவு நாளுக்கு பேனர் அடிக்க ஒருவர் வந்தார். கையில் ஒரு போட்டோ மட்டும். "நாலு வரி நீங்களே போட்டுடுங்க மேடம்" என்றார். இரும்புலியூரில் கடை போட்ட நாளிலிருந்து எனக்கு இது பழக்கம்தான். பாசம், தியாகம், வழிகாட்டி எல்லாவற்றையும் அளவாகக் கலந்து போட்டேன். படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைவிட உங்களுக்குத்தான் மேடம் எங்கப்பாவை நல்லாத் தெரியுது!"

வீடு காலி இல்லை

தோய்பி மணிப்பூர்ப் பெண். செம்பாக்கத்தில் பியூட்டி பார்லரில் வேலை. என் புருவம் ஒழுங்காக இருப்பது அவள் தயவில். தமிழ் பேசுவாள், எழுதவோ படிக்கவோ தெரியாது. தை பிறந்ததும் ரூமைக் காலி செய்தாக வேண்டும். எங்கள் காலனியில் ஏழு வீடு ஏறி இறங்கிவிட்டாள். என் கடையில் தயாராகிக்கொண்டிருந்த காலனியின் பொங்கல் மலருக்குக் கவிதை தருகிறேன் என்று வந்து, பார்லரில் பழகிய தமிழிலேயே சொன்னாள்:

பேரு கேக்கல, ஊரு கேக்கல,
மூஞ்சியப் பாத்து 'சைனா'ன்னு சிரிச்சீங்க.
வூடு காலி இல்லன்னு சொன்னீங்க,
கேட்ல தொங்குற டு-லெட் போர்டு
யாருக்குன்னு சொல்லவே இல்ல.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுத கையோடு, பழக்கதோஷம், சுற்றிலும் செம்பருத்தி பார்டர் போட்டு, கடைசியில் சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தேன்: 'ஆனாலும் தாம்பரமே, நீ என் தாய்மடி!' பிறகு முழுசாகப் படித்துக் காட்டினேன். தோய்பி சிரிக்கவில்லை. "கடைசி வரி நான் சொல்லவே இல்லியே அக்கா. எனக்குக் கோவம் இன்னும் முடியல."

காரம் குறைக்கச் சொன்னவர்

வெட்கத்தோடு அந்த வரியைத் தூக்கினேன், பூக்களையும்தான். மறுநாள் மலரைச் சரிபார்க்க வந்த காலனி செயலாளர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். "பொங்கலும் அதுவுமா இவ்ளோ காரம் எதுக்கும்மா? முடிவுல நல்லதா ஒரு வரி போடு. இல்லன்னா பக்கத்தையே எடுத்துடு."

"நானும் போட்டேன் சார். அவ எடுக்கச் சொல்லிட்டா. அந்த ஏழு வீட்ல உங்க வீடும் ஒண்ணு" என்றேன். வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசுகிறவள் இல்லை நான். அன்றைக்கு வாய் நிற்கவில்லை. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். "பக்கம் இருக்கட்டும். அந்த போர்டு இன்னும் எங்க கேட்லதான் தொங்குதும்மா."

பொங்கலன்று

காலனி விழா மேடையில் தோய்பி தன் கவிதையைச் சொல்லி முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. அவரவர் காலடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் இறங்கி வந்ததும் செயலாளர் மனைவி பொங்கல் தொன்னையோடு எதிரே போய் நின்றார். "அன்னைக்கு இல்லன்னு சொன்னது நான்தான்மா. தப்பு. மாடி ரூம் காலியாத்தான் இருக்கு, வந்து பாரேன்" என்றார். தோய்பி தொன்னையை வாங்கிக்கொண்டாள். "வரேன் ஆன்ட்டி. ஆனா கவிதைய மாத்த மாட்டேன்."

இப்போதெல்லாம் "நாலு வரி நீங்களே போடுங்க" என்று வருகிறவர்களிடம் பாசமா, கோபமா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பாசம் என்றால் நான் போடுவேன், கோபம் என்றால் அவர்களேதான் எழுதிக்கொண்டு வர வேண்டும்.