சேவல் போட்ட கத்தி

என் கல்யாணத்துக்குக் காரணம் அப்பாவின் கத்திதான். தேயிலைச் செடிகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை குச்சி குச்சியாக நிற்கும்படி வெட்டிவிடுவதைக் கவ்வாத்து என்போம். கந்தப்பளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அந்த வேலையில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. கத்தி மழுங்கினால் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த பட்டறையில் கொடுத்துத் தீட்டிவர என்னைத்தான் அனுப்புவார். பட்டறையில் ஒரே ஒரு ஆசாரி இருந்தார். நான் அடிக்கடி வரவேண்டும் என்றே அரைகுறையாகத் தீட்டிக் கொடுத்தார் என்று பிற்பாடு அவரைக் கேலி செய்வேன். இல்லை என்பார், ஆனால் சிரிப்பார்.

அவர் வேறு சாதி. கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு அவரோடு கீழ் லயத்து வரிசை வீடொன்றுக்குக் குடிபோன நாளிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. கத்தியைத் தீட்டவும் மலை ஏறி இறங்கி அடுத்த தோட்டத்துப் பட்டறைக்கு நடந்தார். அந்தப் பிடிவாதத்தில் எனக்கும் பங்கு வந்திருந்ததால் நானும் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. மேல் லயத்து வாசலில் அப்பா தன் சேவலுக்குத் தீனி போடுவது எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவிலிருந்தே தெரியும். சேவலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சுவார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. மறுபடி கவ்வாத்து தொடங்க இருந்த சமயம், கொழுந்து பறிக்கிற மலையில் அம்மா மெல்ல நான் பறித்துக்கொண்டிருந்த நிரைப்பக்கம் வந்தார்.

"ஏ புள்ள, ஒங்கப்பா கத்தி வேருல பட்டு முறிஞ்சு போச்சு. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்பாவுக்கு ஒரு கத்தி அடிங்க. அவரு எடுத்துக்கிட்டா நம்ம வீட்டுக்கும் வருவாரு. எடுக்காட்டி, இனிமே அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

அவர் உலைக்கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அடிக்கிறேன். படம் நீ போடு" என்றார்.

பாக்கு வெட்டுகிற கத்திகளில் அவர் பூவும் கொடியும் பொறித்துக் கொடுப்பது உண்டு. வேலைக் கத்திக்கு யாரும் அலங்காரம் கேட்பதில்லை. ஆனால் எனக்குப் படம் வேண்டியிருந்தது. வெறும் கத்தி என்றால் அது ஆசாரி அடித்த கத்தி. படம் இருந்தால் அது மகள் கொடுத்த கத்தி.

லொறியின் பழைய வில்லுத் தகட்டைக் காய்ச்சி அடித்து, மூக்கை வளைத்து, கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொண்டுவந்தார். புளியும் சாம்பலும் போட்டு விளக்கி, காயவைத்து, வாசல் பலகையில் வைத்தார். "யாரும் தொட்டுடாதீங்க, கைப்பிசுக்குப் பட்டா மெழுகு ஒட்டாது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். நான் அப்போதுதான் தலைக்கு எண்ணெய் வைத்துக் கூந்தலை முடிந்திருந்தேன். கத்தி மினுக்கிய மினுக்கலில் முகம் பார்க்க ஆசை வந்துவிட்டது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். கத்தியை அவர் வாசலில் வைத்தது தப்பா, நான் எண்ணெய் வைத்தது தப்பா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

தண்ணீரோடு வந்ததும் அவர் கத்தியை அடுப்பு அனலில் காட்டித் தேன்மெழுகைத் தடவினார். அது நெய் போல உருகிப் பரவி, ஆறியதும் மங்கலாக உறைந்தது. அதன்மேல் ஊசியால் நான் அப்பாவின் சேவலைக் கீறினேன். அந்தக் கொண்டையையும் வாலையும் தினமும் தூரத்திலிருந்து பார்த்தே மனப்பாடம் செய்திருந்தேன். ஊசி போன இடமெல்லாம் மெழுகு விலகி இரும்பு தெரிந்தது. முஸ்லிம் நானா கடையில் வாங்கிய, இரும்பை அரிக்கிற நீல மருந்தான மயில்துத்தத்தை உப்போடு கரைத்து அவர் அந்தக் கோடுகளில் விட்டார். கோடு முதலில் சிவந்தது, பிறகு மெல்ல அரித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. கழுவியதும், தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்த தேயிலைத் தூளை ஒட்டுமொத்தமாகக் கொட்டிக் கசக்கக் காய்ச்சி, அந்தச் சாயத்தில் கத்தியை ஊறப்போட்டார். சாயம் பட்டால் இரும்பு கறுக்கும். மேலே தேய்த்துவிட்டால் தகடு பளபளக்கும், பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும்.

தேய்த்தபோதுதான் தெரிந்தது. சேவல் அழகாக நின்றது. அதன் வாலுக்குக் கீழே, என் கட்டைவிரல் பட்ட இடத்தில் மெழுகு பிடிக்காமல் மருந்து உள்ளே புகுந்து, நீளுருண்டையாக ஒரு கறுப்பு.

"சேவல் முட்டை போட்டிருக்கு" என்றார் வீட்டுக்காரர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு கத்தி அடிக்க நேரமில்லை. மறுநாள் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை.

மலையடியில் ஒரு கல்தான் அந்தச் சாமி. அதற்கு மஞ்சள் பூசி, எல்லாக் கத்திகளையும் வாழையிலையில் பரப்பி, தேங்காய் உடைப்பார்கள். பூசை முடிந்ததும் அவரவர் கத்தியை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். எங்களில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கிற வழக்கம் இல்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் குனிந்து எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அப்பாவின் பக்கமாகப் புதுக் கத்தியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அப்பா குனிந்தார், உற்றுப் பார்த்தார், நிமிர்ந்தார். யாரிடமோ இரவல் வாங்கியிருந்த ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு மலையேறிப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் அந்தக் கத்தியைத் திரும்பக் கொண்டுவந்தபோது எனக்கு வந்த கோபத்தில் அப்பாவை மட்டுமல்ல, அவருடைய சேவலையும் சேர்த்துத் திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் வாசலில் நிழல் தட்டியது. அப்பா நின்றார். உடம்பெல்லாம் தேயிலைச் சிராய். என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார்.

"காலையில இருந்து யோசிக்கிறேன்" என்றார். "எந்த ஊருலயாச்சும் சேவல் முட்டை போடுமா?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அது முட்டை இல்லப்பா. என் கட்டைவெரலு. எண்ணெக் கையோட தொட்டுட்டேன்."

அப்பா கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். "கொண்டாங்க பாப்போம்" என்றார். வீட்டுக்காரர் கத்தியை எடுத்துவந்து, வழக்கப்படி அவர் காலருகே தரையில் வைக்கக் குனிந்தார். அப்பா உள்ளங்கையை நீட்டினார்.

"கையிலயே குடுங்க."

"கையில குடுத்தா சண்ட வரும்ங்க."

"அதத்தான் ரெண்டு வருசமாப் போட்டு முடிச்சாச்சே. குடுங்க, மாப்பிள்ள."

வீட்டுக்காரர் கொடுத்தார். அப்பா சேவலை விட்டுவிட்டு, அந்தக் கறுப்பின்மேல் தன் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டே அடுப்பை ஊதினேன். டப்பாவைத் தட்டித் தட்டி, ஒட்டியிருந்த தூளில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னா புள்ள, வெறும் சுடுதண்ணியா இருக்கு?"

"தூளெல்லாம் ஒங்க கத்தி குடிச்சிருச்சுப்பா" என்றேன்.

அவர் மிச்சத்தையும் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டார்.