அவரில் கை படக்கூடாது

சோற்றுப் பீங்கான் என் இடது கண்ணுக்கு மேலே பட்டு, நிலத்தில் விழுந்து சிதறியது. பருப்பு சுவரில் வழிந்தது.

"உப்பில்லாமல் மாட்டுக்கு வை, எனக்கு வைக்காதை!" என்று என் கணவர் கத்தினார்.

அதற்கு முன் அவர் என் மீது கை ஓங்கியதில்லை. லிங்கநகரில் எங்கள் வீட்டுக்குள் கோழி வந்துவிட்டால்கூட விரட்டமாட்டார். கதவைத் திறந்துவிட்டு, அது தானாகப் போகும்வரை நிற்பார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து என்னை 'நீர்' என்று கூப்பிட்டவர், அன்றைக்கு 'நீ' என்றார், நாய் என்றார், எழுத முடியாத இன்னும் சிலவும் சொன்னார். துறைமுகத்தில் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் லோஞ்ச் ஓட்டியவர் அவர். அந்தச் சொற்கள் அங்கே காதில் விழுந்தவையாக இருக்க வேண்டும். இத்தனை வருசமும் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருந்திருக்கிறார்.

நான் திருப்பி ஏசவில்லை. எனக்கு ஏச வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். குச்சவெளியில் நான் பிறந்த வீட்டில் வாய்க்கு முந்திக் கைதான் பேசும். நான் வாயை மூடிக்கொண்டது அவர் விழுங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் குளிசைகளுக்காக.

சில மாதங்களுக்கு முன் அவருக்குக் காய்ச்சல் வந்து விடாமல் காய்ந்தது. உடம்பில் படாத அடிகளுக்கெல்லாம் நீலக் கன்றல்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, நெஞ்செலும்பில் தடித்த ஊசியை இறக்கினார்கள். ஆள் போதாமல் காலைப் பிடிக்க என்னையே கூப்பிட்டார்கள். எலும்புக்குள்ளே இருப்பதை உறிஞ்சி எடுக்கும்போது அவர் போட்ட சத்தம் மனுசச் சத்தமே இல்லை. நான் அந்த டொக்டரைக் கடித்துக் குதறியிருப்பேன். காலைப் பிடித்திருந்ததால் கை ஒழியவில்லை.

இரத்தத்தில் புற்று என்றார்கள். அந்த டொக்டர்தான் என்னை இருத்திவைத்துச் சொன்னார்.

"இந்தக் குளிசைக்கு நல்லாப் பசிக்கும், முகம் ஊதும், கோபமும் வரும். சில பேருக்குப் பொல்லாத கோபம். அவர் ஏசுறார் எண்டு நினையாதேங்கோ, குளிசை ஏசுது எண்டு நினையுங்கோ. ஆனா நிப்பாட்டிப் போடாதேங்கோ. மற்றது, அவர் விழக்கூடாது, அடிபடக்கூடாது. மண்டைக்குள்ள இரத்தம் கசிஞ்சா எங்களால ஒண்டும் செய்ய ஏலாது."

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். எங்களிடம் இருந்தது இரண்டு அறையும் ஒரு குசினியும்தான். அவர் அலுமாரிக் கதவைப் பிடுங்கினார். கதிரையை உடைத்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் இருமினாலே ஒளிந்துகொண்டார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே பயம்தான். உடைகிற சாமானில் அவர் கை கிழிந்துவிடக்கூடாது. சாமான் எக்கேடு கெட்டாலும் போகட்டும்.

அவருக்கு வந்த வருத்தத்தின் பெயரை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் நாளைக்கு எங்கள் பெட்டைகளை யார் பெண் கேட்டு வருவார்கள்? என் தாய்வீட்டுக்கும் இரத்தம் குறைவு என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதனால்தான் வினை வந்தது. வீங்கிய கண்ணோடு என்னைச் சந்தையில் கண்ட குச்சவெளிப் பெண் ஒருத்தி, அன்றைக்கே கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

அடுத்த நாள் மத்தியான பஸ்ஸில் என் அண்ணன்மார் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். எங்கள் குடும்பத்தில் தங்கச்சிக்குப் புருசன் கை வைத்தால் விசாரணை கிடையாது. முதலில் அடி, பிறகு தேத்தண்ணி, அதற்குப் பிறகுதான் கதை. என் அக்காவின் புருசனுக்கு இரண்டு பல் போனது. அன்றைக்கு இரவு மூன்று பேரும் ஒன்றாக இருந்து மீன்குழம்பு சாப்பிட்டார்கள்.

பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டு வாசலை மறித்தேன். உள்ளே அவர் கட்டிலில் இருந்தபடி பழைய தகரப் பேணி ஒன்றுக்குள் துப்பிக்கொண்டிருந்தார். நாலு நாளாகப் பல் முரசிலிருந்து இரத்தம் நிற்கவில்லை. அடுத்த நாள் விடிய அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோக இருந்தேன்.

"தள்ளு," என்றான் பெரியண்ணன்.

"அண்ணா, அவரில கை படக்கூடாது."

"ஏன், தொட்டா உடையுறதுக்கு அவரென்ன பீங்கானோ?"

"ஓம்," என்றேன்.

அண்ணன் என் வீங்கிய கண்ணைப் பார்த்தான். அதுவரை கொஞ்சம் யோசித்துக்கொண்டு நின்றவனுக்கு அதற்குப் பிறகு யோசனை இல்லை. உள்ளே இருந்த மனுசனாவது பேசாமல் இருந்தாரா? எழுந்து வந்து, ஊதின முகத்தோடு என் தோளுக்கு மேலால் கத்தினார்.

"வாங்கோடா! அடிக்க வந்தனீங்கள்தானே? அடியுங்கோடா!"

சின்னண்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தான். பெரியண்ணன் என்னைத் தாண்டி உள்ளே போய், அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கையை ஓங்கினான். மீன்வலை இழுத்த கை. நான் சின்னண்ணனின் மணிக்கட்டைக் கடித்தேன். அவன் விட்டான். குசினி வாசலில் கிடந்த விறகுக்கட்டையை எடுத்துப் பெரியண்ணனின் நெற்றியில் அடித்தேன். மெதுவாக அடிக்கவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த அண்ணன் நிலத்தில் குந்தினான்.

"அவருக்குப் புற்று!" என்று கத்தினேன். "இரத்தத்தில புற்று! ஒரு அடி பட்டாலும் செத்துப்போவார். குளிசைதான் அவரை இப்படி ஆட்டுது. இன்னும் அடிக்கப் போறியோ? அடி!"

பெரியண்ணனின் விரல்களுக்கிடையால் இரத்தம் வழிந்து கன்னத்தில் ஓடியது. சின்னண்ணன் குசினிக்குள் போய்க் கோப்பித்தூள் போத்தலைத் தேடி எடுத்து வந்தான். ஒரு பிடி அள்ளி அண்ணனின் காயத்தில் வைத்து அழுத்தினான். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்தான். தூளும் இரத்தமும் சேர்ந்து கறுத்து இறுகியிருந்தது. இரத்தம் நின்றுவிட்டது.

அதைப் பார்க்க எனக்குப் பற்றி எரிந்தது. பாவம் என்று இரங்கவில்லை, பொறாமைதான். ஒரு பிடி கோப்பித்தூளுக்கு நிற்கிற இரத்தம்! அண்ணனை இன்னொரு தடவை அடிக்க வேண்டும் போலிருந்தது.

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து அண்ணனுக்கு முன்னால் குந்தினார். அவருடைய பற்களெல்லாம் சிவப்பு. அண்ணனின் நெற்றியைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நிண்டிட்டுதோ, மச்சான்?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டார்.

பெரியண்ணன் அவருடைய வாயைப் பார்த்தான். பிறகு நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய், காய்ந்திருந்த கோப்பித்தூளை நகத்தால் பிய்த்தெடுத்தான். இரத்தம் மறுபடி புருவத்தில் இறங்கிக் கண்ணுக்குள் ஓடியது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"இல்லை மச்சான்," என்றான். "எனக்கும் நிக்கேல்லை."