பல் டாக்டரின் தண்டவாளத்துக்கு ஜல்லி ஒட்டிய கதை

பொம்மை ரயில் செய்கிறவர்களுக்கு ரயிலால் தொல்லையே கிடையாது. தண்டவாளத்துக்கு அடியில் பரப்புகிற பொடி ஜல்லியால்தான் அத்தனை தொல்லையும். சும்மா கொட்டினால் சிதறும். ஒட்டலாம் என்றால், எதைப் போட்டு ஒட்டுவது? இந்தக் கேள்வியோடு மல்லாடியவர்கள் இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

நான் ஸ்டெல்லா, கட்டபெட்டு பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீசில் கிளார்க். டீத்தூள் விலை சரிந்ததும் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். எனக்கும் அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த ராஜனுக்கும் வேலை போயிற்று. பந்தலூர்க்காரர், இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அவருக்கு மோட்டாரும் வயரும் கைவந்த வேலை. எனக்கு மலை, மரம், பாலம் எல்லாம் வரும். சர்ச்சில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது நான்தான். குன்னூரில் ஒரு பல் டாக்டர், காத்திருக்கும் குழந்தைகள் அழாமலிருக்க மலை ரயில் ஒன்று வேண்டும் என்றார். நன்றாக அமைந்தால் அவருடைய ஊட்டி கிளினிக்குக்கும் எங்களுக்கே ஆர்டர். நம்மால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

டீத்தூள் ஜல்லி

சம்பளப் பாக்கிக்குப் பதிலாக ஃபேக்டரி கொடுத்த, விற்காத டீத்தூள் வீட்டில் மூட்டையாகக் கிடந்தது. நிறம் அசல் ஜல்லி மாதிரியே இருக்க, தண்டவாளத்துக்கு அடியில் அழகாகப் பரப்பினேன். தச்சு வேலைக்குப் போடும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அரைமணி நேரத்தில் தூள் ஊறி, சாயம் இறங்கி, நான் வெள்ளையடித்து வைத்திருந்த பாலம் முழுக்கப் பழுப்பாயிற்று. ராஜன் குனிந்து மோந்து பார்த்தார்.

"அக்கா, தேத்தண்ணி ரெடி. சீனி மட்டுந்தான் பாக்கி."

மைதாப் பசை

அடுத்து, கல் குவாரித் தூளை ஃபேக்டரிச் சல்லடையில் சலித்து எடுத்தோம். இது ஜல்லியேதான். செலவைக் குறைக்க மைதா காய்ச்சி ஒட்டினேன். காய்ந்ததும் கல்லு மாதிரி பிடித்தது. பெருமையோடு கொண்டுபோய்க் கிளினிக்கில் வைத்தோம்.

வாரம் முடிவதற்குள் டாக்டர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சுரங்கப் பாதைக்குள்ளிருந்து கரப்பான் பூச்சிகள் வரிசையாக வந்து தண்டவாள ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தன. மழை ஈரத்தில் மிச்சப் பசை பூஞ்சை பிடித்திருந்தது. நாற்காலி மேல் ஏறி நின்ற நர்ஸை டாக்டர் எனக்குக் காட்டினார்.

"ஏனுங்க ஸ்டெல்லா, பசங்க பயத்தப் போக்கச் சொன்னா, எங்க நர்ஸுக்குப் பயத்த உண்டாக்கீட்டீங்களே!"

வெள்ளைப் பசை

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளைப் பசைக்கே திரும்பினோம். இந்தத் தடவை முறையாக: தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து முதலில் ஜல்லியை நனைத்தேன். நனைக்காவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும். குன்னூர் மூடுபனியில் காயவே மாட்டேன் என்றது. ஹீட்டர் வைத்துக் காயவைத்தோம். பிடிப்பும் பிரமாதம்.

ஆனால் பசை கெட்டியாக இறுகிப்போனதால், சக்கரச் சத்தம் அப்படியே பலகைக்கு இறங்கி, "ர்ர்ர்ர்" என்று அறை முழுக்க அதிர்ந்தது. ஒரு சிறுமி அம்மாவின் கையை உதறிவிட்டு வாசலைப் பார்த்து ஓடினாள். எனக்கு ஊட்டி ஆர்டரும் அவளோடு ஓடுவதாகத்தான் தோன்றியது. அந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அது ரயிலுங்களா? பல்லு குடையற மெஷினை வெளியவே வெச்சுட்டீங்கன்னு நெனச்சேன்!"

ரப்பர் பால்

இறுகாமல் பிடிக்கிற பசை வேண்டும். வழி கண்டுபிடித்தது ராஜன். அவருடைய மச்சான் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மரம் கீறிப் பால் எடுக்கிறார். உறையாமலிருக்க மருந்து கலந்த ரப்பர் பால் ஒரு கேன் வந்து சேர்ந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆனாலும் முதலில் ஒரு துண்டுப் பலகையில் ஒட்டி, பனியில் வைத்துப் பார்த்தோம். ஜல்லி அசையவில்லை, விரலால் அழுத்தினால் மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தது. அதையே முழுத் தண்டவாளத்துக்கும் போட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து நாற்றம் போனபின் ரயிலை விட்டோம். சத்தமே இல்லாமல் மலையேறியது. நானும் ராஜனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். உள்ளே போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வந்த ஒரு பையன் வீட்டுக்குக் கிளம்பவே மாட்டேன் என்றான்.

"டாக்டர், இன்னொரு பல்லும் ஆடுது, பாக்கறீங்களா?"

மேனேஜர் அழைப்பு

ஊட்டி கிளினிக் வேலையைத் தொடங்கியிருந்தபோது மேனேஜர் போன் செய்தார். டீத்தூள் விலை கொஞ்சம் ஏறிவிட்டது, ஃபேக்டரி திறக்கிறோம், திங்கட்கிழமையே வந்துவிடுங்கள் என்றார். நான் போனை ராஜனிடம் நீட்டினேன். அவர் கையில் ஒட்டிய ரப்பரை உரித்தபடியே பேசினார்.

"வர்றோங்க சார். ஆனா ஊட்டி ரயில் ஓடுனதுக்கு அப்புறந்தான்."

தேயிலை கைவிட்டபோது எங்களைத் தாங்கிப் பிடித்தது ரப்பர்தான் என்பதை, தேயிலைத் தோட்டத்தின் நடுவில் குடியிருந்துகொண்டு சத்தமாகச் சொல்ல முடியவில்லை.