வெளியே நின்ற முழங்கால்

லிந்துலைக்கு மேலே, பஸ் போகாத ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், பூரணியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் கர்த்தர். மற்றவர் அவள் புருஷன் செல்லசாமி. கர்த்தர் விஷயம் நமக்கு நிச்சயமாகத் தெரியாது. செல்லசாமியோ கல்யாணமான நாளிலிருந்து ஒரே காம்பராவில் அந்த வாயோடு குடியிருந்து, தகரத்தில் மழை விழுகிற சத்தம் மாதிரி அதைக் கேட்டபடியே தூங்கப் பழகிவிட்டார். தூங்காத நேரத்தில் திருப்பிக் கொடுப்பார். அந்த லயத்து வரிசை வீடுகளில் டீவி இல்லாதவர்கள் அதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்குப்பிள்ளை எல்லார் சாக்கிலும் தண்ணிக்கென்று கொஞ்சம் கழிப்பார். பூரணியின் கொழுந்தில் மட்டும், கொட்டுகிற மழையில் பறித்தாலும், தண்ணியே இருக்காது. கணக்குப்பிள்ளைக்கு அவள் அப்படிப் படிப்பித்து வைத்திருந்தாள்.

இப்பேர்ப்பட்ட பூரணி அடங்கியது பாஸ்டர் கிஷாந்திடம். கிஷாந்த் டவுனில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்தவர். உடைந்த ஸ்கிரீனை மாற்றியது போதும், உடைந்த மனுசரை மாற்று என்று அழைப்பு வந்ததாகச் சொல்லி, கடையை மூடிவிட்டு மலை ஏறினார். அவர் தலையில் கை வைத்து ஜெபித்த அன்றே பூரணிக்குப் பல வருஷமாக இருந்த நெஞ்சடைப்பு விட்டுப்போனது. அது நிஜம். அதில் கேலிக்கு இடமில்லை. மறுநாள் அவள் செங்குத்தான மலையில் மூச்சு வாங்காமல் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மெய்யான சபை எது என்பதில் பாஸ்டருக்குச் சந்தேகமே கிடையாது. மாதா கோயில்காரர்கள் சுரூபத்தைக் கும்பிடுகிறார்கள். டவுன் சபைக்காரர்கள் சட்னிக்குத் தாளிக்கிற மாதிரி நாலு சொட்டுத் தெளித்துவிட்டு அதை ஞானஸ்நானம் என்கிறார்கள். ஃபெக்டரி வாசலில் காவல் இருக்கிற ரோதைமுனிச் சாமியைப் பற்றி மட்டும் அவர் பேச மாட்டார். பெயரைச் சொன்னால் கடைசி வரிசையில் இருப்பவர்கள் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

"தண்ணிக்குள்ள போறது குழிக்குள்ள போற மாதிரி. ஒரு மயிர் வெளிய நின்னாலும் அடக்கம் முடியல. அடக்கமே ஆகாதவன் எப்படி எழும்புவான்?" என்பார்.

பூரணி ஆற்றில் முழுசாக முங்கி எழுந்தாள். செல்லசாமி வரவில்லை. அங்கேதான் அவளுக்குக் கவலை பிடித்தது. எக்காளம் ஊதுகிற நாளில் தேயிலைக்கு நடுவே இருக்கிற மயானம் பிளந்து, தான் மட்டும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி நிற்க, பக்கத்துக் குழியில் இந்த மனுசன் கிடந்தபடியே கிடந்தால்?

"அங்க போயி நான் யாரோட சண்ட போடுவேன், பாஸ்டர் ஐயா?"

"அங்க சண்டையே இருக்காது சிஸ்டர்."

அது அவளுக்கு அவ்வளவு ஆறுதலாகப் படவில்லை.

அந்தத் தை மாதம் உறைபனி விழுந்து கொழுந்து கருகியது. செல்லசாமிக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் படுத்து வந்தார். குளிர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "நேரம் கொஞ்சந்தான் சிஸ்டர்" என்றார். பூரணி புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஒரு வாட்டி முங்கிருங்க."

"மூச்சே வர மாட்டேங்குது. இதுல தண்ணிக்குள்ள வேறயா?"

"முங்குங்க. அப்புறம் நீங்க சாகுற வரைக்கும் ஒரு வார்த்த பேச மாட்டேன். கர்த்தர் மேல சத்தியம்."

கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய சலுகை அது. சம்மதித்தார்.

ஆற்றுக்குத் தூக்கிப்போக முடியாது. தேயிலைக்கு அடிக்கிற மருந்தைக் கலக்கும் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று லயத்துக் கோடியில் சும்மா கிடந்தது. நீளம் இருந்தது, ஆழம் இல்லை. அதைத் தேய்த்துக் கழுவி, மலையிலிருந்து பீலியில் விழுகிற தண்ணியை நிரப்பினார்கள். செல்லசாமி விரலை விட்டுப் பார்த்துவிட்டு பாஸ்டரிடம் கேட்டார்.

"கொஞ்சம் சுடுதண்ணி கலந்தா ஆவாதா தம்பி?"

"யோர்தான் ஆத்துல சுடுதண்ணியா ஓடுச்சு ஐயா?"

"யோர்தான் என்ன நானுஓயாக் குளிர்லயா ஓடுச்சு?"

சபையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. படுக்க வைத்தார்கள். பாஸ்டர் தலையை அமுக்க, பூரணி இடுப்பை அமுக்கினாள். தலை போனது, நெஞ்சு போனது, வயிறு போனது. வலது முழங்கால் போகவில்லை. முன்னொரு காலம் மழைத்தண்ணி வடியக் கான் வெட்டும்போது கல் உருண்டு விழுந்து மடங்கிப்போன முழங்கால் அது. அதை நிமிர்த்த முடியாமல் போய்ப் பல வருஷம். சுற்றிலும் தண்ணி இருக்க, அது மட்டும் சிவனொளிபாதமலை மாதிரி மேலே நின்றது. பூரணி இரண்டு கையாலும் ஊன்றி அமுக்கினாள். உள்ளே இருந்து குமிழியாக ஒரு சத்தம் வந்தது. முழங்கால் அசையவில்லை. பாஸ்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஆமென் சொன்னார்.

அன்றைக்கே காய்ச்சல் கண்டது. பூரணி கஞ்சி வைத்துக் கொடுத்தாள், கம்பளி போர்த்தினாள், வாயைத் திறக்கவில்லை. செல்லசாமி முதல் நாள் அந்த அமைதியை அனுபவித்தார். அடுத்த நாள் அவருக்கு அது பிடிக்கவில்லை. அதற்கடுத்த நாள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் பேசுடி. திட்டவாச்சும் செய்யி" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சத்தியம் சத்தியம்தானே. வேதப்படி மூன்றாம் நாள் எழும்புவதுதான் முறை. செல்லசாமி மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

எழவு வீட்டுக்கு முதலில் வந்தவள் செல்லசாமியின் அக்கா பேச்சியாயி. வாசலிலேயே நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"தண்ணியில அமுக்கிக் கொன்னுட்டியேடி பாவி!"

"கொல்லல மதினி. எழுப்பத்தான் அமுக்குனேன்" என்றாள் பூரணி.

பாஸ்டர் வந்தார். உள்ளே வரவில்லை. பூரணியை வாசல் பக்கம் கூப்பிட்டு, அடக்க ஆராதனை தன்னால் நடத்த முடியாது என்று மெதுவாகச் சொன்னார். அந்த முழங்கால் அவருக்கு உறுத்துகிறதாம். விட்டுக்கொடுத்தால் டவுன் சபைக்கும் மெய்யான சபைக்கும் என்ன வித்தியாசம்?

"இப்பதான் குளிப்பாட்டுனோம், ஐயா. முழங்கால்ல நானே ரெண்டு செம்பு ஊத்துனேன்."

"உசிரோட இருக்கணும் சிஸ்டர்."

"அப்ப இவரு எழும்ப மாட்டாரா?"

பாஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "மாட்டாரு" என்றார்.

"அப்ப என்னையும் எழுப்ப வேணாம்னு ஒரு வார்த்த சொல்லி ஜெபம் பண்ணுங்க."

"அது ஒங்க கையில இல்ல சிஸ்டர். நீங்க முழுசா முங்கியாச்சு."

தப்பு மேளம் முழங்க, பேச்சியாயி வீட்டு ஆட்கள் செல்லசாமியைத் தங்கள் முறைப்படி கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

பூரணி சபையை விட்டுப் போவாள் என்று லயம் எதிர்பார்த்தது. போகவில்லை. போனால், புருஷனைச் சும்மா கொன்றதாகிவிடும். இருந்தால், ஒரு காரணத்துக்காகக் கொன்றதாக இருக்கும். பாஸ்டர் அந்த முழங்காலைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். பெயர் சொல்ல மாட்டார், "நம்ம தோட்டத்திலேயே ஒருத்தர்" என்பார். எல்லோரும் பூரணியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவளும் ஆமென் சொல்வாள்.

அதற்குப் பிறகு தொட்டியில் நடந்த ஒவ்வொரு ஞானஸ்நானத்திலும் கால்மாட்டில் நிற்கிற வேலை பூரணிக்குக் கொடுக்கப்பட்டது. முங்கினவர்களின் முழங்கால், முழங்கை, மூக்கு நுனி எதுவும் வெளியே நிற்காமல் பார்க்கிற வேலை. கொழுந்து பறித்த கை. தப்பவிடாது. ஒருத்தருக்கும் குறை வைத்ததில்லை.

போன மாதம் பேச்சியாயி சபைக்கு வந்தாள். அவளுக்கும் மூச்சு முட்டியது. ரோதைமுனிக்குச் சேவல் அறுத்தும் கேட்கவில்லை. பாஸ்டர் ஜெபித்ததில் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினாள். தொட்டிக்குள் கால் வைத்தவள், கால்மாட்டில் நின்றது யார் என்று பார்த்ததும் பின்வாங்கினாள்.

"இவ வேணாம் பாஸ்டர். வேற யாரையாச்சும் நிக்கச் சொல்லுங்க."

"சிஸ்டர் பூரணி கை பட்டா ஒண்ணும் தப்பாது அம்மா. படுங்க."

படுத்தாள். பாஸ்டர் ஆமென் சொன்ன பிறகும் ஒரு கால் பெருவிரல் மேலே தெரிந்தது. பூரணி அதையும் அமுக்கினாள். அமுக்கியபடியே நின்றாள். பாஸ்டர் "போதும் சிஸ்டர்" என்று இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள்.

பேச்சியாயி இருமிக்கொண்டு, பல் கிட்டிப்போய் எழுந்து உட்கார்ந்தாள். பூரணி தன் கம்பளியைக் கழற்றி அவள் தோளில் போர்த்திவிட்டு, காதோரம் குனிந்தாள்.

"நல்லா முங்குனீங்க மதினி. இனி நீங்க எழும்பிருவீங்க. ஒங்க தம்பிதான் அங்கனயே கெடப்பாரு. நாம ரெண்டு பேரும் அவரத் தாண்டித்தான் போகணும்."