சம்பந்தி வீட்டு மெமரி கார்டு

“…பின்ன இன்னாம்மா, கட் பண்ணாம எப்படி ஒட்ட முடியும்?” என்றார் பக்கத்து வீட்டு அக்கா, என் கம்ப்யூட்டர் மவுஸிலிருந்து கையை எடுக்காமலே.

நியாயமான கேள்விதான். கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் போய் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அங்கே தோலை வெட்டுவது கட்டிங். வெட்டிய துண்டைப் பசை தடவி ஒட்டுவது பேஸ்டிங். அக்கா இரண்டிலும் இருந்தவர். ‘காப்பி பண்ணிட்டு பேஸ்ட் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டு நான் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனேன். அதற்குள் தனக்குப் பழக்கமான ‘கட்’டைத் தேடிப் பிடித்து அமுக்கிவிட்டார். படமெல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. மெமரி கார்டு துடைத்து வைத்த மாதிரி காலி.

கார்டோ சம்பந்தி வீட்டுடையது. அக்கா மகளின் நிச்சயதார்த்தத்தை மாப்பிள்ளையின் தம்பிதான் கேமராவில் எடுத்தார். காட்பாடியில் பெங்களூர் ரயில் ஏறப் போகும்போது வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

“காலியாவே இருக்கட்டும். நல்லதாப் போச்சு” என்றார் அக்கா.

காரணம் ஒரே ஒரு போட்டோ. தோல் பதனிடுகிற டேனரியில் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக மண்டபத்துக்கு வந்த அவர் வீட்டுக்காரர், மடியில் பிரியாணித் தட்டோடு நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

“வாயப் பாரு, லாரியே ரிவர்ஸ் எடுக்கலாம். மாப்ள வூட்ல பாத்தாங்க, என் பொண்ண ஆயுசுக்கும் தூங்குமூஞ்சி வூட்டுப் பொண்ணும்பாங்க.”

“அதுக்காக காலி கார்டையா குடுப்பீங்க? கொழம்பு குடுத்தா கிண்ணத்தக்கூட வெறுமனே திருப்பித் தர மாட்டீங்களேக்கா?”

அக்கா யோசித்தார். “அதுவும் கரெக்ட்டுதான். சரி, எல்லாத்தையும் போடு. அத மட்டும் நிறுத்திக்க. கிண்ணத்துல போடறவங்க இன்னா, சட்டியோடவா தூக்கிக் குடுக்கறாங்க?”

அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கார்டில் காப்பி செய்தேன். அக்கா பக்கத்தில் நின்று, கம்பெனியில் டேமேஜ் பீஸ் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முடிக்கவும் மாப்பிள்ளையின் தம்பி வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“அத்த, எல்லாம் ஏறிடுச்சா? மாமா தூங்கற போட்டோ இருக்குதில்ல? அம்மா மொதல்ல அதத்தான் கேட்டாங்க.”

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “எ… எந்த போட்டோ தம்பி?”

“அன்னிக்கே கேமராவுல காட்டுனேனே! அதுல எங்கப்பாவும் தூங்கறாரு அத்த. ‘நான் கண்ணே மூடல’ன்னு வீட்ல ஒரே சண்ட. அம்மாவுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதான்.”

கம்ப்யூட்டரில் அந்த போட்டோவைத் திறந்து பார்த்தேன். வாஸ்தவம். நாங்கள் அந்த வாயை மட்டுமே பார்த்திருக்கிறோம். பக்கத்து நாற்காலியில் சம்பந்தி, மோவாய் நெஞ்சில் இடிக்க, பிசைந்த சோற்றில் விரலை வைத்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார் தூக்கத்துக்கு.

அக்கா திரையில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். கார்டையும் எடுத்துக் கொடுக்கவில்லை, வந்தவரை உட்காரவும் சொல்லவில்லை. விடுவிடுவென்று தன் வீட்டுக்குப் போய், ஷிஃப்ட் முடிந்து படுத்திருந்தவரின் போர்வையை உருவினார்.

“யோவ், எழுந்து வாய்யா! சம்பந்தியும் தூங்கினுதான் இருந்திருக்காரு!”